ஸ்பேனரில் பொறிக்கப்பட்டிருக்கும் ‘குரோம் வனேடியம்’ தரத்தைக் குறிக்கிறதா?

‘குரோம் வனேடியம்’ என்பது நிறுவனத்தின் பெயரன்று. குரோமியமும் வனேடியமும் சிறிதளவு கலந்த எஃகு வகையின் பெயர். எஃகு உள்வரை கடினமாவதற்குக் குரோமியம் உதவுகிறது. வனேடியம் எஃகினுள் இருக்கும் படிக மணிகளை நுண்ணியவையாக வைத்து, எளிதில் முறியாமல் காக்கிறது. ஆயினும், ஒரே அரிசி சமைப்பவரின் கைப்பக்குவத்தால் உதிரியாகவோ குழைந்தோ போவதைப் போல, இந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடேற்றும் பக்குவத்தில்தான் கருவியின் உறுதி அமைகிறது என்பதால், கருவி எந்த நாட்டுத் தயாரிப்பு என்பதைவிட அந்தப் பக்குவத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். சுவீடனில் தோன்றிய பாகோ என்னும் கருவி நிறுவனம்கூட 1999 முதல் அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் நிறுவனத்துக்கே உரியது.

பளபளப்பான ஸ்பேனரில் குரோமியம் மிகுதி என்று பலர் எண்ணுகின்றனர். அந்தப் பளபளப்பு துருவைத் தடுக்கும் மேற்பூச்சே தவிர, எஃகினுள் கலந்த குரோமியம் அன்று.