பட்டறைத் திண்ணை: கேள்வி – பதில்

பழைய அமெரிக்க டிராக் ரேஸ் (நேர்கோட்டில் குறுகிய தூரம் பறக்கும் பந்தயம்) படம் ஒன்றில் இரண்டு என்ஜின் பூட்டிய வண்டியைப் பார்த்தேன். கீழே ‘கேஸ் டிராக்ஸ்டர்’ என்று போட்டிருந்தது. கேஸில் ஓடுமா?
– கல்லூரி மாணவர், ஈரோடு

சிலிண்டரைத் தேடாதீர்கள் தம்பி, அமெரிக்காவில் பெட்ரோலைத்தான் அப்படிச் சொல்வார்கள். பெட்ரோல் என்று தனியாகச் சொல்லக் காரணம், அப்போது பலரும் நைட்ரோமீத்தேன் ஊற்றி ஓட்டினார்கள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலில்தான் சூடு அதிகம். ஆனால் அதே காற்றில் நைட்ரோவை எட்டு மடங்குக்கு மேல் எரிக்கலாம் என்பதால் மொத்தத்தில் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் சக்தி.

வேகம் கையை மீறுகிறது என்று, அமெரிக்காவில் டிராக் ரேஸ் நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. சங்கம் 1957-ல் நைட்ரோவைத் தடை செய்தது. அவர்களின் பெரிய பந்தயமான நேஷனல்ஸில் 1964-ல்தான் திரும்ப விட்டார்கள். இடையில் பெட்ரோல் வண்டிகளுக்கு நல்ல காலம். இரட்டை என்ஜின் என்றதும் எனக்கு நினைவு வருவது தெற்கு கலிபோர்னியாவில் ஜான் பீட்டர்ஸும் நை ஃப்ராங்கும் கட்டிய ‘ஃப்ரைட் ட்ரெய்ன்’. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு செவர்லே வி-8 (எட்டு சிலிண்டர்) என்ஜின், இரண்டுக்கும் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர். ஒரு என்ஜினுக்குள் திணிக்க முடிந்த காற்றைத் திணித்தாயிற்று, இன்னும் வேண்டுமா, இன்னொரு என்ஜினை வை! பட்டறைக்காரன் மூளை அப்படித்தான் போகும்.

அந்த சூப்பர்சார்ஜரை ரேஸுக்கென்றே தயாரித்தார்களா?
– டீசல் மெக்கானிக், நாமக்கல்

இல்லை, உங்கள் தொழிலில் இருந்து போனது! ஜெனரல் மோட்டார்ஸ் 6-71 டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜினுக்குக் காற்றடிக்கும் ப்ளோயர் அது. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம், அதனால் 6-71. டூ-ஸ்ட்ரோக் டீசலுக்குத் தானாகக் காற்றை இழுக்க வராது. புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்ப ப்ளோயர் கட்டாயம். இரண்டாம் உலகப் போரில் தரையிறங்கு படகுகள் பலவற்றில் இந்த என்ஜின்தான். தூத்துக்குடிப் பட்டறையில் அப்படி ஒரு கிழட்டு என்ஜின் எங்களிடம் வந்தது. ஸ்டார்ட் செய்தால் தெருக்கோடி டீக்கடை வரை அலறும்.

ரேஸ்காரர்கள் ப்ளோயரை மட்டும் கழற்றி வி-8 தலையில் உட்கார வைத்து, கிராங்கிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றினார்கள். உள்ளே முறுக்குப் பல் வைத்த இரண்டு உருளைகள், அவ்வளவுதான். இந்தியானாவின் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. இது காற்றைத் தனக்குள் அமுக்காது, அள்ளித் தள்ளும். வால்வு திறக்கும் வரை மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாயில்) காற்று சேர்ந்து அழுத்தம் ஏறும்.

தொந்தரவு எங்கே என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அழுத்தினால் காற்று சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் தானாகவே வெடித்து ‘நாக்’ அடிக்கும், பிஸ்டன் ஓட்டையாகும். மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருள் என்றால் ஆவியாகும்போது நன்றாகக் குளிர்விக்கும். பெட்ரோல் பிரிவில் அதற்கு இடமில்லை. கம்ப்ரஷனைக் குறைத்து, தீப்பொறி டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, பயந்து பயந்துதான் சக்தியைக் கூட்ட வேண்டும். நைட்ரோ ஊற்றிப் பெயர் வாங்கியவர்களைவிட இவர்களிடம்தான் எனக்கு மரியாதை அதிகம். யாரும் சண்டைக்கு வரலாம்.

அந்தப் பெட்ரோல் பிரிவு இன்னும் நடக்கிறதா?
– வாசகர், திருச்சி

1971 சீசனோடு என்.எச்.ஆர்.ஏ. அதை மூடிவிட்டது. இரண்டு என்ஜின் என்றால் செலவும் இரண்டு. கூட்டமோ நைட்ரோ நெருப்பைப் பார்க்கப் போய்விட்டது.

என் பையன் வீட்டுக்குத் தெரியாமல் பைக் ரேஸ் போகிறான். என்ன சொல்வது?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

அண்ணாச்சி, ஃப்ரைட் ட்ரெய்ன் ஓட்டிய பாப் முராவெஸின் வீட்டிலும் இதே கதைதான். ரேஸ் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. அவர் ‘ஃபிளாய்ட் லிப்பென்காட் ஜூனியர்’ என்ற பொய்ப் பெயரில் ஓட்டினார். நீங்கள் ‘கூடாது’ என்றால் உங்கள் வீட்டிலும் ஒரு ஜூனியர் முளைப்பார்.

அவன் ஓட்டுவது எங்கே என்று முதலில் கேளுங்கள். பைபாஸ் ரோடு என்றால் யோசிக்காமல் சாவியை வாங்கி வையுங்கள். ட்ராக் என்றால் எஃப்.எம்.எஸ்.சி.ஐ. (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) உரிமம் இருக்கிறதா, ஹெல்மெட், கையுறை, தோல் உடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்குப் பணம் கொடுங்கள். சைலன்சர் மாற்ற அப்புறம் கொடுக்கலாம்.