காசிமேட்டில் நிழல் நிற்காது

ஓவியம் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ராயபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் பதில் சொல்கிறார்.

கே: காசிமேட்டில் படகுகளை ஆயில் கலரில் வரைய விடிகாலையிலேயே போய் உட்காருகிறேன் சார். பாதி வரைவதற்குள் வெளிச்சம் மாறிவிடுகிறது. இதுவரை ஒரு படம்கூட முடித்ததில்லை.
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

ப: எவ்வளவு பெரிய கேன்வாஸ் எடுத்துப் போகிறாய் என்று எழுதவில்லையேம்மா. பெரிதாக இருந்தால் முதலில் அதை வீட்டில் வை. எட்டுக்குப் பத்து அங்குல ஹார்ட்போர்டில் பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவை இரண்டு கை பூசி எடுத்துப் போ. இரண்டு மணி நேரத்தில் அதற்கு மேல் யாராலும் உருப்படியாக நிரப்ப முடியாது.

நம் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழும்புகிறது. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஆறரை மணிக்குப் படகெல்லாம் வெறும் கருத்த உருவம். எட்டு மணிக்குள் பலகைகளின் நிறம் தெரிய ஆரம்பிக்கும், நிழலும் சுருங்கிவிடும். அதனால் முதல் பத்து நிமிஷத்தில் நிழல்களை மட்டும் போட்டுவிடு. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் அல்ட்ராமரின் என்ற ஆழ்ந்த நீலமும் கலந்து, டர்பன்டைனில் நன்றாகத் தளர்த்திக்கொள். போட்ட நிழலை அப்புறம் எக்காரணம் கொண்டும் நகர்த்தாதே. அதன் மேல் வரும் பூச்சுகளில் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும். அடியில் எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால் பின்னாளில் பூச்சில் விரிசல் விழும்.

நிழலை நகர்த்தக் கூடாது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். பத்து மணி வரை என் பின்னால் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தவர், "காத்தால நெழலு அந்தாண்ட இருந்துச்சே மாஸ்டரு, இப்ப ஏன் இந்தாண்ட மாத்துற?" என்றார். நேரத்தை வெளிச்சத்தில் பார்த்தே பழகிய கண் அது. அன்றிலிருந்து எட்டரைக்கு மூட்டை கட்டிவிடுவேன். நாலு மணிக்கு வேறொரு பலகையோடு போவேன். அப்போது வெயில் ஊர்ப்பக்கமிருந்து, நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். அதே படகு முழுக்க வேறு படகாக நிற்கும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்திலேயே கட்டிக் கிடக்கும். அவர்களுக்கு அது கஷ்டமான காலம். ரிப்பேரும் பெயின்ட் வேலையும் நடந்துகொண்டிருக்கும். கேட்டுவிட்டு ஓரமாக உட்கார். ஒரே படகை, ஒரே நேரத்தில், பத்து நாள் தொடர்ந்து வரையலாம். வருஷத்தில் வேறெப்போதும் அது கிடைக்காது.

கே: ஈரப் பெயின்ட்டில் மணல் ஒட்டிக்கொள்கிறது. துடைத்தால் படமே கலைகிறது.
– வாசகர், திருவொற்றியூர்

ப: ஈரத்தில் தொடவே தொடாதீர்கள். ஆயில் கலர் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். அதற்கு நாள்கணக்காகும். இறுகிய பிறகு காய்ந்த பிரஷ்ஷால் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். உதிராததை விட்டுவிடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் பிரான்ஸின் ட்ரூவில் கடற்கரையில் வரைந்த படம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் பெயின்ட்டுக்குள் இன்றும் அந்தக் கரையின் மணல் இருக்கிறது.

உங்கள் ஊரில் கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்கள் இருக்கின்றனவே, காற்றுக்கு மறைவாக அவற்றின் ஓரம் உட்காருங்கள். படத்தை நிறுத்தும் ஈசல் ஸ்டாண்டின் நடுவில் ஒரு தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிட்டால் சாயாது.

கே: பிரஷ் துடைத்த துணியை என்ன செய்வது?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ப: கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆயில் கலரில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கி, துணி தானே தீப்பற்றிக்கொள்ளக்கூடும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போடுங்கள்.

கே: எண்ணூர் முகத்துவாரத்தை வரைகிறேன். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் படத்தைக் கெடுக்கின்றன. விட்டுவிடலாமா?
– வாசகர், கத்திவாக்கம்

ப: விடாதீர்கள் தம்பி. நீரும் மணல்திட்டும் வானமும் படுக்கைக் கோடுகளாகவே கிடக்கிற இடம் அது. அந்தப் புகைபோக்கிகள்தான் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் எந்த ஊர்க் கழிமுகமாகவும் ஆகிவிடும். அங்கே கடலில் சேரும் கொசஸ்தலையாறு காணாமல் போகும். தூரத்தில் இருப்பவை என்பதால் கருப்பாகப் போடாமல், வானத்து நிறத்திலேயே ஒரு துளி அல்ட்ராமரின் கூட்டிப் போடுங்கள்.

நீருக்கு ட்யூப் நீலத்தை அப்படியே எடுக்காதீர்கள். டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, துளி எல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள். சாம்பல் கலந்த அந்த நிறம் இவற்றிலேயே வந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழிமுகமெங்கும் எண்ணெய் பரவியபோது நான் அங்கே ஒரு பலகை வரைந்தேன். அலையாத்திச் செடிகளில் எண்ணெய் ஏறி நின்ற உயரம் வரை ஒரே கருப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு மட்டும் வெள்ளை சேர்க்காமல், அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகக் கலந்து கத்தியால் இழுத்தேன். இன்றும் அந்தப் பலகையில் விரல் வைத்தால் அந்த இடம் மட்டும் மேடாகத் தட்டுப்படும்.