நைட்ரஜன் ஊற்றும் முன் லாரியைக் கவனியுங்கள்

கேள்வி: வாளையார் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்களே ஒரு டன்னலிங் மைக்ராஸ்கோப் செய்திருக்கிறோம் (ஊசி முனையைப் பரப்பைத் தொடாமல் நெருங்கவைத்து, இடையே பாயும் மின்னோட்டத்தை அளந்து அணுக்களைப் படமெடுக்கும் கருவி). கிராஃபைட் அணுக்கள் ஒரு நாள் தெரிகின்றன. மறுநாள் படம் முழுக்க அலை. நள்ளிரவில் கொஞ்சம் தேவலை. திரவ நைட்ரஜனில் குளிர்வித்தால் சரியாகுமா?

பதில்: நள்ளிரவில் தேவலை என்று பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பகலெல்லாம் நெடுஞ்சாலை லாரி, ரயில், போதாததற்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. (இரவில் யானைகளுக்காக அங்கே ரயில் வேகத்தைக் குறைக்கிறார்கள், அதில் உங்களுக்கும் லாபம்!) இது அதிர்வுக் கோளாறு. ஊசிக்கும் பரப்புக்கும் உள்ள இடைவெளி 0.1 நானோமீட்டர் மாறினாலே மின்னோட்டம் ஏறக்குறைய பத்து மடங்கு மாறும். குளிர் இதைத் தீர்க்காது.

ஸ்கேனை நிறுத்தி, ஃபீட்பேக்கை (ஊசியின் இடைவெளியை மாறாமல் வைத்திருக்கும் சுற்று) மெதுவாக்கி, மின்னோட்டம் எந்த அதிர்வெண்ணில் அதிகம் ஆடுகிறது என்று பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 50 முறை, நம் கரண்ட்டின் அதிர்வெண்) உச்சம் தெரிந்தால் பெரும்பாலும் எர்த் கோளாறு. 10, 20 ஹெர்ட்ஸில் என்றால் தரை அதிர்வு.

தரை அதிர்வுக்கு மருந்து, கருவியை ஸ்பிரிங்கில் தொங்கவிடுவது. கருவியின் எடையில் ஸ்பிரிங் 25 செ.மீ. இழுபட வேண்டும். மொத்த நீளத்தைச் சொல்லவில்லை, இழுபடும் நீளத்தை. அப்போது கருவி விநாடிக்கு ஒரு முறைதான் ஆடும். 20 ஹெர்ட்ஸ் அதிர்வில் சுமார் 400-இல் ஒரு பங்குதான் உள்ளே வரும். ஆட்டம் அடங்க, கருவியில் பொருத்திய தாமிரத் தகடுகளைக் காந்தங்களுக்கு நடுவே தொடாமல் தொங்கவிடுங்கள். விரலால் தட்டினால் நாலைந்து ஆட்டத்தில் நிற்க வேண்டும். என் முதல் கருவியில் இத்தனையும் செய்துவிட்டு, தடித்த வயர்களை இழுத்துக் கட்டியிருந்தேன். அதிர்வு அதன் வழியாகச் சுகமாக வந்து சேர்ந்தது. தலைமுடி கனத்தில் வயர் எடுத்து, தொய்வாக விடுங்கள்.

சரி, குளிர் எதற்கு? சூடு மாறும்போது படம் மெல்ல நகர்வதைத் தடுக்க. 1 செ.மீ. அலுமினியம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறினாலே 0.23 நானோமீட்டர் நீளும். கிராஃபைட் படத்தில் அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளியே 0.246 தான்! குளிரில் இந்த நீட்சி குறையும், பரப்பில் ஒட்டிய அணுக்களும் அசையாது. 1989-இல் ஐபிஎம் நிறுவன இயற்பியலாளர் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை நகர்த்தி ஐபிஎம் என்று எழுதியது 4 கெல்வினில்தான் (மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்). அறை வெப்பத்தில் செனான் பரப்பில் நிற்கவே நிற்காது.

ஆனால் நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கும், அந்தக் குமிழே புது அதிர்வு. பம்ப் போட்டு ஆவியை இழுத்தால் 63 கெல்வினில் கட்டியாகி அடங்கிவிடும். பம்ப் குழாயை மணல் பெட்டிக்குள் புதைத்துக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் குமிழ் போய்ப் பம்ப் வந்த கதையாகிவிடும்.

வெற்றிடக் கலம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், ஊசியில் பனி படியும். அப்புறம், 77 கெல்வினில் பீசோ (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு ஊசியை நகர்த்தும் பீங்கான்) ஏறக்குறைய பாதிதான் நீளும். அளவுகோலை அங்கேயே, கிராஃபைட்டை வைத்து மறுபடி போடுங்கள்.