அரசியல் அறிவியல் பேராசிரியர் ஒருவர் வாழ்நாள் முழுக்கப் பெண்களைப் பற்றி ஆராய அப்படி என்னதான் இருக்கிறது?

நியாயமான கேள்விதான். அரசியல் கோட்பாட்டாளர் கரோல் பேட்மன் என்ற பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், 16 வயதில் பள்ளியை விட்டவர். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில், உழைக்கும் மக்களுக்கென்று தொடங்கப்பட்ட ரஸ்கின் கல்லூரி வழியாகப் படிப்புக்குத் திரும்பினார். 1970-இல் வந்த முதல் புத்தகத்தில் பெண்ணியம் இல்லை. வேலை செய்யும் இடத்தில் தொழிலாளிக்கு எந்த முடிவிலும் பங்கில்லை என்றால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போடுவது மட்டும் ஜனநாயகமா என்பதுதான் அதில் பேச்சு.

அவரை எல்லாரும் திரும்பிப் பார்க்க வைத்தது 1988-இல் வந்த 'பாலியல் ஒப்பந்தம்' என்ற புத்தகம். மனிதர்கள் சுதந்திரமாக ஒப்புக்கொண்டுதான் அரசை உருவாக்கினார்கள் என்று ஹாப்ஸ், லாக், ரூசோ போன்ற பழைய தத்துவவாதிகள் எல்லாரும் சொன்னார்களே, அந்த 'மனிதர்களில்' மனைவி இருந்தாளா என்று கேட்டார். தந்தையின் அதிகாரம் போய், சகோதரர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்ட அதிகாரம் வந்தது, பெண் அதற்குள்ளேயே கிடந்தாள் என்பது அவர் வாதம். வெறும் ஏட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம், திருமணத்தின்போது உடலுறவுக்குத் தந்த சம்மதத்தை மனைவி திரும்பப் பெற முடியாது என்ற பழைய சட்டக் கருத்தை இங்கிலாந்தில் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தூக்கி எறிந்ததே 1991-இல்தான்.

எல்லா ஒப்பந்தத்தையும் இவ்வளவு சந்தேகிக்க வேண்டுமா என்று எனக்கே சில இடங்களில் தோன்றும். சரி, அது வேறு விவாதம். சிட்னியில் கற்பித்துவிட்டுக் கலிஃபோர்னியா போனார். சர்வதேச அரசியல் அறிவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் அவர்தான், 2012-இல் அரசியல் அறிவியலுக்கான யோஹான் ஷுட்டே பரிசும் கிடைத்தது.