மறதி மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசிக்குப் போகலாமா?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறோம். 74 வயது அம்மாவுக்கு அல்சைமர் என்று சொல்லி, மூன்று மாதமாக டோனெபெசில் 5 மி.கி. கொடுக்கிறோம். முன்னேற்றமே இல்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஞாபகம் திரும்பும் என்று மார்த்தாண்டத்தில் ஒருவர் சொல்கிறார். மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். போன ஞாபகத்தை இந்த மாத்திரை மீட்டுத் தராது. மூளையில் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால் பலருக்குச் சரிவு கொஞ்ச காலம் மெதுவாகிறது. அம்மா இன்றும் தானே சேலை உடுத்தி, தேங்காய் துருவிக் கொடுக்கிறார் என்றால் அதைப் பலனாகவே எண்ணுங்கள். மருந்து எழுதிய அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் ஓ.பி.யில் யார் உட்கார்ந்து சொல்வது? சொல்லாமல் விட்டதால்தான் தரகர் வீடு தேடி வருகிறார்.

அல்சைமருக்கு ஸ்டெம் செல் ஊசி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. முறையான ஆய்வில் மட்டுமே அதைப் போடலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. முன்பணம் கேட்டாலே ஏமாற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். நிலத்தை அடகு வைத்து அந்த ஊசிக்குப் போகாதீர்கள். 'சொல்லி ஏற்பாடு செய்கிறேன்' என்பவருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கமிஷன் போகிறதா என்று நேராகவே கேளுங்கள்.

5 மி.கி. என்பது தொடக்க அளவு. நான்கு முதல் ஆறு வாரம் தாங்கிக்கொண்டால் 10 மி.கி.க்கு உயர்த்துவது வழக்கம். மூன்று மாதம் அப்படியே விட்டது ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் நாடித் துடிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு இதை உயர்த்தக் கூடாது. டோனெபெசில் துடிப்பை இன்னும் குறைக்கும். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை உயர்த்துமுன் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே எடுக்கலாம்.

வயிற்றுப்போக்கு, குமட்டல் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரவில் கெட்ட கனவு வந்தால் காலைக்கு மாற்றுவது பற்றிக் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது அம்மா விழுங்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமைன், சிறுநீர் அடங்காததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் இரண்டுமே டோனெபெசிலுக்கு எதிராக வேலை செய்யும்.