பி.ஏ. தமிழ் படித்த, கோடிங் தெரியாத எனக்கு வேர்ட்பிரஸ் துறையில் வேலை கிடைக்குமா? ஏஐ வந்தபிறகு அதற்கு எதிர்காலம் உண்டா?

கிடைக்கும். நானும் தமிழ் இலக்கியம் படித்தவள்தான். இன்று இணையதளங்கள் செய்துகொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் இருக்கிறேன். நான் உள்ளே வந்தது மொழிபெயர்ப்பு வழியாக.

2003-இல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கிய, இணையதளம் கட்ட உதவும் மென்பொருள் வேர்ட்பிரஸ். இன்று உலகின் இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. கோடு எழுதுகிறவர்கள் மட்டும் சேர்ந்து இதை வளர்க்கவில்லை. மொழிபெயர்ப்பு, ஆவணம், பயிற்சி, சோதனை, பயனர் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது என்று தனித்தனிக் குழுக்கள் இருக்கின்றன. யாரும் சேரலாம், டிகிரி கேட்க மாட்டார்கள். தமிழிலேயே இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரண்டு பிரிவுகள் உண்டு.

மொழிபெயர்ப்பில் என் முதல் வாரத்தில் ஒரு சின்ன வரி வந்தது. ஒரு வெற்றிடக் குறி (மென்பொருள் பிறகு ஒரு சொல்லைக் கொண்டுவந்து நிரப்பும் இடம்), அதை 'நீக்கு' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குறியோடு ஐ உருபைச் சேர்த்து அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் 'பக்கம்' என்ற சொல் வந்து உட்கார்ந்தால் திரையில் 'பக்கம்ஐ நீக்கு' என்று வரும்! சரிபார்க்கிறவர் காரணம் எழுதித் திருப்பி அனுப்பினார். 'பக்கத்தை' என்று ஆக்க அத்துச் சாரியை வேண்டும், அது மென்பொருளுக்குத் தெரியாது. கடைசியில் 'நீக்க வேண்டியது:' என்று போட்டுக் குறியைப் பின்னால் வைத்தேன். எந்தச் சொல் வந்தாலும் உருபு இடிக்காது. வகுப்பில் படித்த புணர்ச்சி விதி அன்றைக்குத்தான் ஒரு கருவியாகக் கையில் வந்தது. நீங்கள் படித்த படிப்பு இங்கே வீண் இல்லை.

செய்த வேலை உங்கள் பெயரில் ஒரு பக்கமாகப் பொதுவெளியில் நிற்கும். நேர்காணலில் நான் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டினேன்.

எல்லாரையும் சேர்த்துக்கொள்வதில் இந்தச் சமூகம் உண்மையாகவே முயல்கிறது. 2020 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பின் வெளியீட்டுக் குழு முழுக்கப் பெண்களும் ஆண், பெண் என்ற இருமைக்கு வெளியே உள்ளவர்களும்தான். ஆனால் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. பங்களிப்பு பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. வீட்டு வேலையும் முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்காரும் பெண்ணுக்கும், நிறுவனமே சம்பளம் கொடுத்து அமர்த்தியவருக்கும் இடையே நேரம் சமம் இல்லை. தங்கள் வளத்தில் 5 சதவீதத்தை வேர்ட்பிரஸ் வளர்ச்சிக்குத் தாருங்கள் என்று 2014 முதல் நிறுவனங்களைக் கேட்டுவருகிறார்கள். அது இன்னும் பரவலாக வேண்டும். அதனால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் எதிர்காலம். 2018-இல் பிளாக் எடிட்டர் (பத்தி, படம் என்று துண்டுகளை அடுக்கிப் பக்கம் கட்டும் கருவி) வந்தபிறகே எளிய தளம் கட்ட கோடு தேவைப்படுவது குறைந்துவிட்டது. ஏஐ அதை இன்னும் குறைக்கும். எளிய தளத்தை மட்டும் நம்பி இந்தத் துறைக்கு வராதீர்கள். மொழிபெயர்ப்பிலும் முதல் வரைவை ஏஐ தரும். ஆனால் ஆங்கிலத்தில் 'போஸ்ட்' என்ற ஒரே சொல் தனியாக வந்தால், அது இடுகையா, இடு என்ற கட்டளையா என்று திரையைப் பார்த்து முடிவெடுக்க ஆள் வேண்டும்.

நான் உங்களைப் போகச் சொல்வது அணுகல்தன்மைச் சோதனைப் பக்கம், அதாவது மாற்றுத்திறனாளிகளும் ஒரு தளத்தைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே விற்கும் இணையக் கடைகள், மிகச் சிறிய நிறுவனங்களுடையவை தவிர, பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும். இதற்கு ஆள் தேவை கூடும் என்பது என் கணிப்பு. தெரிந்த ஒரு கடையின் தளத்தைத் திறந்து, மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். எந்தப் பட்டனில் நிற்கிறோம் என்று தெரியாமல் தடுமாறும் இடத்தைக் குறித்துவையுங்கள். அதை அந்தத் தளத்தாருக்குப் புரியும்படி அரைப் பக்கம் எழுதினால், உங்கள் முதல் சோதனை அறிக்கை தயார்.