தன் காசில் குடிப்பவரால் ஊருக்கு என்ன நட்டம்?

இக்கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவில் நாங்கள் கண்கூடாகக் கண்ட விடை ஒன்று உண்டு. 2020 மார்ச் 27 அன்று பொதுமுடக்கத்தோடு மது விற்பனையும் நிறுத்தப்பட்டபோது, கத்திக்குத்தோடும் விபத்துக் காயங்களோடும் மருத்துவமனைக்கு வருவோர் வெகுவாகக் குறைந்தனர். ஜூன் 1 அன்று விற்பனை தொடங்கியதும் அந்தக் கூட்டம் மீண்டும் பெருகவே, கொரோனா நோயாளிகளுக்குப் படுக்கைகள் வேண்டுமென்று ஜூலை 12 அன்று அரசு மறுபடியும் தடை விதித்தது. நடமாட்டம் குறைந்ததும் ஒரு காரணம்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குடிக்காதவருக்குரிய படுக்கையையும் மருத்துவர் நேரத்தையும் மது எடுத்துக்கொள்கிறது என்பது அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது.

மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்த 'டாப்' வழக்கம் சட்டப்படி ஒழிந்துவிட்டது. எனினும், தாயின் குடியால் கருவிலேயே மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளுள் ஒன்றாக மேற்குக் கேப் இன்றும் இருக்கிறது.

மற்றப் போதைப்பொருள்களின் கதையும் இதுவே. தமிழர் மிகுந்து வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 'சுகர்ஸ்' என்னும் மலிவான ஹெராயின் கலவை புகுந்த வீடுகளில் முதலில் காணாமற்போவது அடுக்களைப் பாத்திரங்களும் தண்ணீர்க் குழாய்களுமே. பிறகு ஆயாவின், அதாவது பாட்டியின், ஓய்வூதியப் பணம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் அந்த ஆயாவின் தலையிலேயே விழுகிறது; இந்தச் செலவு எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை.